ஐம்பத்து நாலு பல்

திங்கள் முதல் வெள்ளி வரை
நானும் பல்தான் பார்க்கிறேன்.
தாய்ச்சுங்குக்கு வடக்கே, ஷென்காங்கில்,
வெள்ளை விளக்கில், உருப்பெருக்கிக்கு அடியில்,
எஃகு வளையம் ஒவ்வொன்றாக வரும்.
முகம் முழுக்க ஐம்பத்து நாலு பல்.
ஒன்று மழுங்கியிருந்தாலும் சிவப்புப் பெட்டி.
சிவப்புப் பெட்டியிலிருந்து எதுவும்
வீட்டுக்கு வராது:
வாசலில் காவலர் கோ பையைத் தடவுவார்,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

இரண்டு வளையம் ஒன்றையொன்று கடித்தால்
மிதி சக்கரத்தைப் பிடிக்கும்.
மிதிக்காமல் விட்டால்
ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இரையும்.
பல் கூடினால் பிடி சீக்கிரம்,
ஏழு பாகைகூட ஆகாது.
என் சக்கரத்தில் இருப்பது பதினெட்டு.
இருபது பாகை சும்மா சுற்றிய பிறகுதான்
நான் மிதிக்கிறேன் என்பதே அதற்குத் தெரியவரும்.

புதுச் சக்கர ஜோடி
ஊழியர் விலையிலும் இருபத்தாறாயிரம்.
கார்பன் விளிம்பு, தட்டை ஸ்போக், பீங்கான் பேரிங்,
பழையதைவிட நானூற்று இருபது கிராம் குறைவு.
மதியச் சோற்றை விட்டால்
அதே எடை குறையாதா என்றாள் அ-ஷ்வான்.
குறையும்.
ஆனால் சோறு சுற்றாது.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஓர் உறை.
வலது கீழ்க் கடைவாய்ப் பல்
ஜனவரியிலிருந்து தண்ணீருக்குக் கூசுகிறது.
இடது பக்கம் மெல்லப் பழகிக்கொண்டேன்.

நவம்பர் ஞாயிறு.
விடியுமுன் பூலியில் கிளம்பினால்
வூலிங் வரை ஏற்றம், ஏற்றம், ஏற்றம்.
சிங்ஜிங் கடையில் தேயிலை முட்டை இரண்டு வாங்கும்போது
முதுகுக்குப் பின்னால்
ஒரு சைக்கிள் மிதிக்காமல் உருண்டு வந்து நின்றது.
திரும்பவில்லை.
சத்தத்திலேயே தெரிந்தது, ஐம்பத்து நாலு.

குன்யாங்குக்குக் கொஞ்சம் கீழே,
மூவாயிரம் மீட்டரில்,
அதே சைக்கிள் சாலையோரம் நின்றது.
மிதித்தால் கடக்கென்று நழுவுகிறதாம்,
பிறகு வெறும் மிதியாம்.
வாங்கி ஒரு வாரமாம்.
நேற்று இரவு தானே பிரித்துக் கிரீஸ் போட்டாராம்,
அன்பாக.
அன்பு அதிகம்.
நாலு டிகிரிக் குளிரில் அது இறுகி
வளையத்தை வளையம் தொட விடவில்லை.

மூடியைக் கையாலேயே இழுத்தேன்.
முட்டை சுற்றிய காகிதத்தால் துடைத்தேன்.
விரல் நுனியில் ஒட்டுவது எவ்வளவோ
அவ்வளவு போதும் என்று தடவிக் காட்டினேன்.
வளையத்தின் உள்விளிம்பில்
கொசு அளவு எழுத்தில் முப்பத்தொன்று.
முப்பத்தொன்று நான்தான்.
என் கண் பட்டுத்தான் வந்திருக்கிறது.
எனக்கு அதை ஞாபகமில்லை.

எப்படித் தெரியும் உங்களுக்கு, என்றார்.
நானும் பல் பார்ப்பவள் என்றேன்.
ஒரு கணம் விழித்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்:
டாக்டர் லியாவ், தைபெய்,
இருபது வருஷமாகப் பல் மருத்துவர்.

மிச்ச முட்டையைத் தின்றேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்குத் தெரிந்த பார்வை அது,
விளக்கு மட்டும் இல்லை.
வலது கீழே, ஆறாவதா, ஏழாவதா, என்றார்.
வாய் நிறைய முட்டையோடு
ஏழு விரல் காட்டினேன்.
நரம்புக்குக் காப்பீடு உண்டு,
மேலே போடும் கேப் மட்டும் உங்கள் செலவு.
எதில் செய்வது என்று கேட்டேன்.
பீங்கான்.
அங்கேயும்.

வூலிங்கில் மேலேயும் மேகம், கீழேயும் மேகம்.
பெயர்க்கல்லைத் தடவித்தான் கண்டுபிடித்தோம்.
இறக்கத்தில் அவர் முன்னால் போனார்.
வளைவுக்கு வளைவு
என் பதினெட்டு டிக் டிக்கென்று,
அவருடையது தகரத்தில் மணல் கொட்டுவதுபோல்,
கொஞ்ச நேரம் வரை கேட்டது.

இன்று திங்கள்.
உறை அதே இடத்தில்.
எந்தப் பல்லுக்கு என்று முடிவாகவில்லை.
வளையம் வருகிறது.
நாக்கு ஏழாவதைத் தேடிப் போகிறது,
இழுத்தால் மறுபடி போகிறது.
ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு,
ஐம்பத்து மூன்றில் விட்டுப்போயிற்று.
முதலிலிருந்து எண்ணுகிறேன்.